நான் தப்பாக வாசித்த நோட்டீஸ்

எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எங்கே கையெழுத்துக் கேட்டாலும் கொஞ்சம் அவசரப்பட்டு, கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிடுவேன். அமீரகத்தின் புஜைராவில் ஒரு லீக் பிறந்ததற்கும், பிறந்த சூட்டிலேயே செத்துப்போகப் பார்த்ததற்கும் அந்தப் பழக்கம்தான் காரணம்.

இரண்டாயிரங்களின் நடுவில் அங்கே கடலோரமாக எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றைக் கட்டிய கம்பெனிகளில் ஒன்றில் நான் டைம்கீப்பர். யார் எத்தனை மணிக்கு சைட்டுக்குள் வந்தார், யாருக்கு ஓவர்டைம் என்று குறிக்கிற வேலை. கேம்பில் என் ரூமில் எட்டுப் பேர், எட்டுப் பேரும் தமிழ்நாடு. டிப்ளமா முடித்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால் எல்லாக் காகிதமும் என்னிடம் வரும். விசா பேப்பர், மருந்துச் சீட்டு, சாம்பார்ப் பொடி பாக்கெட்டின் பின்பக்கம்கூட. நான் வாசித்துச் சொன்னால் அதுதான் தீர்ப்பு. அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் மெஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சாப்ட்பால் லீக். மூன்று டீம் தயார், இன்னும் ஒன்று வேண்டும். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி, கேம்புக்குப் பின்னால் உள்ள மைதானம், ஸ்டோர் கீப்பரைப் பாருங்கள்.

எங்கள் ரூமின் தலைவர் மாதிரி இருந்தவர் பெரம்பலூர்ப் பக்கத்து வெல்டர் ஒருவர். கீழ்க் கட்டில்காரர். எல்லாருக்கும் அவர் வெல்டர் அண்ணன்.

"என்ன தம்பி போட்ருக்கான்?" என்றார்.

"கிரிக்கெட்ணே. சாப்ட்பால்னா மெதுவான பந்து. டென்னிஸ் பால் மேட்ச்."

பக்கத்து ரூமில் யாழ்ப்பாணத்து டிரைவர் ஒருவர் இருந்தார். அவரும் எட்டிப் பார்த்துவிட்டு, "ஓம், எங்கட ஊரிலயும் டென்னிஸ் பந்தில விளையாடுறத சாப்ட்பால் எண்டுதான் சொல்லுறது" என்றார். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? அன்றைக்கே ஸ்டோருக்குப் போய், பக்கத்து ரூம் ஆட்களையும் சேர்த்துப் பதினோரு பேர் பெயரை எழுதி, கீழே கேப்டன் சார்பாக என்று என் கையெழுத்தைப் போட்டேன். ஸ்டோர் கீப்பர் பிலிப்பைன்காரர், நாற்பது வயதுக்காரர், தொப்பியைக் கழற்றவே மாட்டார். பட்டியலைப் பார்த்து, "பதினொன்றா? ஒன்பது போதுமே, மை பிரெண்ட்" என்றார். மிச்சம் இரண்டு பேரை சப்ஸ்டிடியூட்டாக வைக்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வதில் நான் எப்போதும் கெட்டி.

வெள்ளிக்கிழமை அண்ணன் புது பேட்டுக்கு ரப்பர் கிரிப் மாட்டி, முழங்கால் வரை பேடு கட்டிக்கொண்டு வந்தார். மலைகளில் வெயில் இன்னும் ஏறவில்லை. மைதானத்தில் ஸ்டம்ப் இல்லை. அதற்குப் பதில் நாலு மூலையில் நாலு கறுப்பு ரப்பர் ஷீட்டைப் பதித்து வைத்திருந்தார்கள். உருண்டையான ஒரு தடியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் நின்றிருந்தார்.

கன்னியாகுமரிக் கடற்கரையைச் சேர்ந்த ரிக்கர் ஒருவர் எங்கள் டீமில் உண்டு. கிரேனில் சங்கிலி மாட்டுகிற வேலை. ஊரில் மீன்பிடிக்கப் போனவர். அவர் அந்தப் பந்தைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தார். தேங்காய் அளவுக்குக் கொஞ்சம் கம்மி. அமுங்கவில்லை.

"லேய் மக்கா, இதாக்கும் மெதுவான பந்து? மண்டையில பட்டா மாதாவே வந்தாலும் காப்பாத்த முடியாது."

நான் ஸ்டோர் கீப்பரிடம் ஓடினேன். "சார், கிரிக்கெட் சேம் சேம்?"

"நோ சேம், மை பிரெண்ட். இது பேஸ்பாலின் தம்பி."

"பேஸுன்னா?" என்றார் அண்ணன்.

"அந்த ரப்பர் ஷீட்டுண்ணே. அதுக்குப் பேரு பேஸ்."

"பேஸ்மட்டம் போட்டிருக்கான், வீட்டக் காணோம்" என்றார் அண்ணன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குனிந்து, ஒவ்வொரு வாராக, பேடைக் கழற்றினார்.

அன்றைய ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து போடுகிறவர் கையைக் காற்றாடி மாதிரிச் சுழற்றி இடுப்புக்குக் கீழிருந்து போட்டார். "கீழ போடுறான், சின்னப் பிள்ளை வெளையாட்டு" என்று எங்கள் ஆட்கள் சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேர் அவுட். அண்ணன் ஒரு பந்தை அழகாகப் பின்பக்கம் தட்டிவிட்டார். ஊரில் என்றால் நாலு ரன், விசில் பறக்கும். "ஃபவுல்!" என்றார் நடுவராக நின்ற ஸ்டோர் கீப்பர்.

"ஃபவுல் குடுக்க இது என்ன கபடியா?"

அடுத்த பந்தை அண்ணன் காலை முன்னால் வைத்துத் தடுத்தார். பந்து அவர் காலடியிலேயே செத்து விழுந்தது. எதிர் டீம் முழுக்க அதைப் பார்த்து ஒரு நொடி வாயைப் பிளந்து நின்றது. அண்ணன் பேட்டை ஊன்றிக்கொண்டு அடுத்த பந்துக்குத் தயாரானார். இந்த ஆட்டத்தில் பந்து பட்டால் ஓடியே ஆக வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? அவர்கள் நடந்து வந்து, பந்தை எடுத்து, முதல் பேஸுக்கு எறிந்து, அவுட் என்றார்கள்.

இருபத்திரண்டுக்குப் பூஜ்யம்.

அன்று ரூமில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மத்தியானம் அண்ணன் தலையணைக்கு அடியிலிருந்து தன் லீவு பாரத்தை எடுத்தார். மூன்று வருஷம் கழித்து ஊருக்குப் போகிற லீவு. வழக்கமாக என்னிடம்தான் நீட்டுவார். அன்று என்னைத் தாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டு, ஆபீஸில் இருக்கிற மலையாளிக் கிளார்க்கைத் தேடிப் போனார். போகிற போக்கில், "சாப்ட்டுன்னா மெதுவுன்னு சொன்னவன், லீவுன்னா எலைன்னு எழுதிருவான்" என்றார். ரூமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துப் பார்த்தேன், வரவில்லை. ஆங்கிலத்தில் லீவ்ஸ் என்றால் விடுமுறையும் ஆகும், இலையும் ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததுதான் எனக்கு இன்னும் வலித்தது. சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

விலகிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கேம்ப் பாஸ் திருச்சூர்க்காரர். அந்த மைதானத்தில் குழாய் அடுக்க வேண்டும் என்று கம்பெனி கேட்டுக்கொண்டிருந்தது. அவர் லீக்காரர்களிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்: "நாலு டீம் உண்டெங்கில் கிரவுண்டு உண்டு. இல்லெங்கில் பைப்பு." ஆளுக்கு ஆறு ஆட்டம், ஆறு வெள்ளிக்கிழமை. நாங்கள் ஒரு வாரம் வராவிட்டாலும் லீக் கலாஸ், அதோடு முடிந்தது. ஸ்டோர் கீப்பர் இதை என்னிடம் சொன்னபோது கெஞ்சவில்லை. நான் போட்ட பெரிய கையெழுத்தை மட்டும் திருப்பிக் காட்டினார்.

அண்ணனிடம் போய் நின்றேன்.

"இன்னும் அஞ்சு வாரம் மட்டும் ஆடுவோம்ணே. என் பேருல கையெழுத்து இருக்கு."

"உன் கையெழுத்துக்கு நான் ஏன்டா தடியத் தூக்கிட்டு ஓடணும்?"

"ஓடுறப்ப தடியத் தூக்கக் கூடாதுண்ணே. கீழ போட்டுட்டுத்தான் ஓடணும். இப்பத்தான் வாசிச்சேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு சொன்னார்: "சரி, ஆடுறோம். அஞ்சுல ஒண்ணாவது ஜெயிச்சுக் காட்டு. ஜெயிச்சா அடுத்த சீசனும் வர்றோம், உன் வாசிப்பையும் நம்புறோம். இல்லன்னா ஆறாவது வெள்ளியோட எல்லாம் கலாஸ். நீ சாம்பார்ப் பொடியக்கூட வாசிக்க வேணாம்."

ஸ்டோர் கீப்பரிடம் விதிகளின் போட்டோகாப்பி வாங்கினேன். தினமும் சைட்டில் சாப்பாட்டு நேரத்தில் கண்டெய்னர் நிழலில் உட்கார்ந்து, நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதினேன். இந்தத் தடவை நினைத்துக்கொள்ளவில்லை. புரியாத சொல்லை வட்டம் போட்டுக் கேட்டேன். அப்படித்தான் ஒரு விஷயம் கிடைத்தது. அண்ணன் முதல் நாள் செய்தாரே, பந்தைக் காலடியில் சாகடிப்பது, அது தப்பே இல்லையாம். அதற்கென்று ஒரு பெயரே இருக்கிறது, பன்ட். பழக்கப்பட்டவர்களுக்கே லேசில் வராத வித்தை. ஊரில் செம்மண் பிட்சில் தடுத்துத் தடுத்துப் பழகிய எங்கள் ஆட்களுக்கு அது பிறவியிலேயே இருந்தது.

இதைச் சொன்னதும் ரூமில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ரிக்கருக்கு மட்டும் எதுவும் தேவைப்படவில்லை. கிளவுஸ் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். "கைக்கு எதுக்குவே சட்ட?" வெறுங்கையில் கேட்ச் பிடிப்பார், பிடித்துவிட்டு ஆகாயத்தைப் பார்த்துச் சிலுவை போடுவார். வெள்ளிக்கிழமைதான் அங்கே பூசை என்பதால் ஒன்பது மணிக்கு சர்ச் வேன் வந்து ஹாரன் அடிக்கும். அதற்குள் ஆட்டம் முடிய வேண்டும் என்று ஐந்து இன்னிங்ஸாகக் குறைத்துக்கொண்டோம்.

தோற்றோம். ஆனால் பதினாறுக்கு மூன்று, பதினொன்றுக்கு ஐந்து என்று தோல்வி அழகாகிக்கொண்டே வந்தது. ஒரே ஒரு வியாதி மட்டும் தீரவில்லை. அடித்தவுடன் பேட்டைக் கீழே போடுவது எங்கள் ஆட்களுக்கு வரவே இல்லை. கிரிக்கெட்டில் பேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, கோட்டுக்குள் அதை ஊன்றினால்தான் உயிர். இங்கே அதைத் தூக்கிக்கொண்டு ஓடினால் வேகமும் போச்சு, முதல் பேஸ் ஆளின் முழங்காலும் போச்சு.

நாலாவது வாரம் நடந்ததை மறக்க முடியாது. அண்ணன் நல்ல அடி அடித்துவிட்டு, பேட்டோடு முதல் பேஸை நோக்கி ஓடினார். நான் ஓரத்திலிருந்து கத்தினேன்: "அண்ணே, பேட்டப் போடு! பேட்டப் போடு!"

ஊரில் அப்படிக் கத்தினால் என்ன அர்த்தம்? கோட்டுக்குள் பேட்டை ஊன்று என்று அர்த்தம். அண்ணன் அப்படியே செய்தார். நாலு அடி முன்னாலேயே குப்புறப் பாய்ந்து, கையை நீட்டி, பேட்டின் நுனியை ரப்பர் ஷீட்டின் மேல் அழகாக வைத்தார். புழுதி அடங்கியதும் தலையைத் தூக்கி எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். ஆனால் இந்த ஆட்டத்தில் உடம்புதான் பேஸைத் தொட வேண்டும். முதல் பேஸில் நின்றவர், இரும்பை அறுத்து ஒட்டுகிற எங்கள் பேப்ரிகேஷன் ஷாப்பிலேயே அண்ணனோடு வேலை செய்கிற, குழாய் பொருத்துகிற பிலிப்பைன் பிட்டர். அவர் குனிந்து, பந்தால் அண்ணனின் முதுகை மெல்லத் தட்டி, "சாரி பாய்" என்றார்.

அண்ணன் எழுந்து நேரே என்னிடம் வந்தார். தாடியெல்லாம் மண். "போடுன்னு நீதானே சொன்ன?"

"கீழ போடுன்னு சொன்னேண்ணே."

"கீழதானடா போட்டேன்!"

தமிழ் மேலேயே எனக்குக் கோபம் வந்தது அன்றைக்குத்தான். 'விடு' என்று சொல்லிப் பார்த்தேன், ரன் ஓடாமல் விட்டுவிட்டார்கள். 'எறி' என்று சொல்லிப் பார்த்தேன், பேட் பறந்துபோய்த் தண்ணீர் டிரம்மை நசுக்கியது. ஐந்தாவது ஆட்டமும் போயிற்று. கிளார்க்கிடம் போன லீவு பாரம் இன்னும் "நாளெ, நாளெ" என்று அங்கேயே கிடந்தது. அண்ணன் அதைத் திருப்பி வாங்கி மறுபடி தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார், என்னிடம் தரவில்லை.

பேட்டைக் கையிலிருந்து விழ வைக்கிற சொல் எனக்கு ஷாப்பில் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை டைம்ஷீட்டோடு உள்ளே போனேன். கேஸ் கட்டர் அறுத்துப் போட்ட இரும்புத் துண்டை ஒரு ஹெல்பர், புதுசு, தெரியாமல் எடுக்கக் குனிந்தான். அண்ணன் முகக் கண்ணாடியைத் தூக்கி, "சூடு!" என்று ஒரு கத்துக் கத்தினார். அந்தப் பையன் மட்டுமா? பக்கத்தில் ஸ்பேனர் வைத்திருந்தவர், குழாய் பிடித்திருந்தவர் என்று கையில் எது இருந்ததோ அதை எல்லாரும் அந்த இடத்திலேயே விட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்கள். யாரும் யோசிக்கவில்லை. கைக்கே காது இருந்த மாதிரி.

வியாழக்கிழமை டியூட்டி முடிந்து பயிற்சியில் அண்ணன் பந்தைத் தட்டிய நொடியில் பின்னாலிருந்து கத்தினேன்: "சூடு!"

பேட் அவர் காலடியில் விழுந்தது. ஆள் பறந்தார்.

திரும்பி வந்து தன் உள்ளங்கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அடப்பாவி" என்றார். அதில் திட்டு இல்லை.

ஆறாவது வெள்ளி. எதிரே பேப்ரிகேஷன் ஷாப் பிலிப்பைன் டீம். அன்று மற்ற இரண்டு டீமும் வேடிக்கை பார்க்க நின்றன. கேம்ப் பாஸ்கூட ஒரு நாற்காலியோடு வந்துவிட்டார், குழாய் லாரிக்கு அளவெடுக்க வந்தவர் மாதிரி. கடைசி இன்னிங்ஸில் நாங்கள் பேட்டிங். ஆறுக்கு ஆறு. இரண்டு பேர் அவுட். ரிக்கர் மூன்றாவது பேஸில் நிற்கிறார். அவர் வீட்டுப் பேஸுக்கு, அதாவது அடிக்கிறவர் நிற்கிற ஷீட்டுக்கு, வந்துவிட்டால் ஜெயம். ஆனால் அடிக்கிறவர் முதல் பேஸை எட்டுவதற்குள் பந்து அங்கே போய்விட்டால் அந்த ரன் செல்லாது. அடிக்க வந்தவர் வெல்டர் அண்ணன். தூரத்தில் சர்ச் வேன் ஹாரன் அடித்தது.

"லேய், சீக்கிரம் அடில, பூச போயிரும்!" என்றார் ரிக்கர் மூன்றாவது பேஸிலிருந்து.

பந்து வந்தது. அண்ணன் காலை முன்னால் வைத்தார். ஊர்ச் செம்மண்ணில் எத்தனையோ தடவை தடுத்த அதே தடுப்பு. பந்து காலடியில் செத்தது. ரிக்கர் கிளம்பிவிட்டார். அண்ணன் இரண்டு கையாலும் பேட்டை இறுக்கிப் பிடித்தபடி முதல் அடி எடுத்து வைத்தார்.

"சூடு!" என்று எங்கள் டீம் மொத்தமும் கத்தியது.

பேட் விழுந்தது. அண்ணன் ஓடினார். ஆனாலும் கேட்சர் பந்தை எடுத்து எறிந்துவிட்டார். நல்ல எறி. முதல் பேஸில் நம் பிட்டரின் கிளவுஸுக்குள் அது போய்ச் சேர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவுட்தான். ஆனால் எங்கள் ஆட்களின் வாயில் 'சூடு' இன்னும் ஓயவில்லை; பிடி நிலைப்பதற்குள் பிட்டர் கையை உதறினார். கிளவுஸும் பந்தும் சேர்ந்து தரையில் விழுந்தன. அவர் இரண்டடி தள்ளிக் குதித்து நின்று, தன் விரல்களை ஊதிக்கொண்டிருந்தார். அண்ணன் பேஸைத் தாண்டி வேலிவரை போய் நின்றார்.

ஷாப்பில் வருஷக்கணக்காக அந்தச் சொல்லைக் கேட்ட கைதானே அதுவும்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். செல்லாது என்றார்கள் அவர்கள், செல்லும் என்றார்கள் இவர்கள். ஸ்டோர் கீப்பர் தொப்பியை முதல் தடவையாகக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மை பிரெண்ட், நீதான் எல்லாம் படித்திருக்கிறாய். ரூல் என்ன சொல்கிறது?"

எங்கள் ஆட்கள் என்னையே பார்த்தார்கள். அந்த விதி எனக்குத் தெரியும். அதை வட்டம் போட்டு இரண்டு நாள் கேட்டுப் புரிந்துகொண்டவன் நான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம், ஸ்டோர் கீப்பரும் விட்டிருப்பார். நோட்டைத் திறந்து முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் ஒரு சொல் விடாமல் வாசித்தேன். பேட்டிங் டீமிலிருந்து யாராவது பீல்டரைக் குழப்புகிற எண்ணத்தோடு கத்தினால் அடித்தவர் அவுட்.

"டேய் தம்பி..." என்று யாரோ பல்லைக் கடித்தார்கள். அண்ணன் கையைக் காட்டி அவரை அடக்கினார். "படிக்கட்டும்."

"எண்ணத்தோடு என்று இருக்கிறதா?" என்றார் ஸ்டோர் கீப்பர். பிறகு பிட்டரைப் பார்த்து, "உன்னைப் பார்த்தா கத்தினார்கள்?" என்று கேட்டார்.

பிட்டர் இன்னும் விரலைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. "இல்லை பாஸ். அவர்கள் சொன்னது அவருக்கு. கேட்டது என் கை." பிறகு அண்ணனைப் பார்த்து இந்தியில், "பாய், திங்கட்கிழமையிலிருந்து ஷாப்பில் வேறு சொல் கண்டுபிடி" என்றார்.

ரன் செல்லும் என்று தீர்ப்பானது. ரிக்கர் வீட்டுப் பேஸைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, நிற்காமல் அப்படியே வேனை நோக்கி ஓடினார். கேம்ப் பாஸ் நாற்காலியை மடக்கிக்கொண்டு, "பைப்பு வேற ஸ்தலத்து வைக்காம்" என்று மைதானத்தை லீக்குக்கே விட்டுப் போனார். ஸ்டோர் கீப்பர் என் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் எங்கள் லீக்கின் முதல் சொந்தச் சட்டத்தை எழுதச் சொன்னார்: முதல் பேஸ் அருகே யாரும் 'சூடு' என்று கத்தக் கூடாது. எழுதிக் கையெழுத்துப் போட்டேன், சின்னதாக.

மத்தியானம் பிலிப்பைன்காரர்கள் ஒரு தட்டு நிறைய நூடுல்ஸ் கொடுத்தனுப்பினார்கள். மெஸ்ஸில் வெள்ளிக்கிழமை போடுகிற பிரியாணிக்குத் தொட்டுக்கொள்வதா, தனியாகச் சாப்பிடுவதா என்று ரூமில் விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, அண்ணன் தலையணைக்கு அடியிலிருந்து அந்த லீவு பாரத்தை எடுத்து என் மடியில் போட்டார்.

"வாசி. ஆனா ரெண்டு தரம் வாசிச்சிட்டு எழுது."

"எங்கண்ணே கிளார்க்கு?"

"அவன் கெடக்கான். எதிர்க்கட்சிக்குச் சாதகமா இருக்கிற வரியக்கூட வாசிக்கிறவன்தான் நமக்கு வேணும்."

இரண்டு தரம் வாசித்தேன், சத்தமாக. போகிற தேதி என்று ஒரு கட்டம், திரும்புகிற தேதி என்று ஒரு கட்டம். போகிற தேதியை உடனே சொல்லிவிட்டார். திரும்புகிற தேதிக்கு வந்ததும் நூடுல்ஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"அடுத்த சீசன் எப்ப ஆரம்பிக்கிறான் அந்தத் தொப்பி?"

சொன்னேன்.

"அப்ப அதுக்கு முந்தின வியாழக்கிழமைன்னு போடு" என்றார் அண்ணன். "பயிற்சி இருக்கும்ல."